சம்பந்தி வீட்டுப் புகைக்கறி

1

நான் மலாக்காவுக்கு வந்து இறங்கி இந்த மாதத்தோடு இருபத்தெட்டு வருடம் நிறைகிறது. வருடா வருடம் இந்தச் சமயத்தில் ஊருக்கு எதையாவது எழுதிப் போடுவது என் வழக்கம். மழை, வெயில், கடை வியாபாரம், பெருநாள் கூட்டம் என்று நாலு விஷயம் எழுதி, எல்லோரும் நலம் என்று முடித்துவிடுவேன். இந்த வருடம் அப்படி முடிக்க மனம் வரவில்லை. சில மாதங்களாக நான் பொறாமையில் வெந்துகொண்டிருந்தேன். அதை மறைத்துவிட்டு மழையைப் பற்றி எழுதினால் அது பொய்.

அதைக் கொதிக்கவைத்தது ஒரு புத்தகம். இந்த நாட்டில் ஒரு பெண் உண்டானால் அரசு கிளினிக்கில் இளஞ்சிவப்பு அட்டை போட்ட புத்தகம் ஒன்று கொடுப்பார்கள். பிங்க் புத்தகம் என்றால் எல்லோருக்கும் தெரியும். எடை, ரத்த அழுத்தம், குழந்தையின் துடிப்பு எல்லாம் அதில் ஏறும். எந்தக் கிளினிக்கின் முத்திரை விழுகிறதோ அந்தப் பக்கத்தில்தான் பெரும்பாலும் பிரசவமும் நடக்கும்.

என் ஒரே மகள் நஸீமா. அவளைக் கட்டிக்கொடுத்து இரண்டு வருடம் ஆகிறது. இப்போது ஏழு மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, புக்கிட் காத்தில் என்ற பகுதியில் இருக்கும் என் வீட்டுக்கு என்னைப் பார்க்க வந்தவள், கைப்பையை மேஜையில் வைத்துவிட்டு முகம் கழுவப் போனாள். பையிலிருந்து பிங்க் புத்தகம் எட்டிப் பார்த்தது. பேரப்பிள்ளையின் கணக்கைப் பார்ப்போமே என்று ஆசையாகத்தான் திறந்தேன். கடைசி இரண்டு முத்திரையும் லூபோக் சீனா கிளினிக் முத்திரை. முதல் பக்கத்தில் என் வீட்டு முகவரி ஒரே கோட்டில் அடிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேலே, நஸீமாவின் அழகான கையெழுத்தில், சம்பந்தி வீட்டு முகவரி.

"என்னம்மா இது?"

"அதுவா அத்தா? அட்ரஸ் மாத்திட்டேன்லா. அங்க மாக் இருக்காங்க. அபாவும் ரிட்டயர் ஆயி வீட்லயேதான் இருக்காரு. டெலிவரிக்கு ஈஸியா இருக்கும்."

மாக் என்றால் மாமியார். அபா என்றால் மாமனார். பிறந்ததிலிருந்து கூப்பிட்டுப் பழகியவள் மாதிரி அவ்வளவு சரளமாகச் சொன்னாள்.

இருபத்தெட்டு வருடமாக இந்த நாட்டில் நான் நிரப்பாத படிவம் இல்லை. என்னுடையது இன்னும் குடியுரிமை இல்லாதவர்களுக்கான சிவப்பு அடையாள அட்டைதான். எந்தக் கவுன்டருக்குப் போனாலும் அட்டையைப் பார்த்துவிட்டு, பிறந்த நாடு எது என்று கேட்பார்கள். எத்தனையோ அதிகாரிகள் என் பெயரை அடித்துத் திருத்தி எழுதியிருக்கிறார்கள், அதற்கெல்லாம் நான் வருத்தப்பட்டதில்லை. குடிமக்களுக்கான நீல அட்டை வைத்திருக்கும் என் மகள் என்னை அடித்தது அன்றைக்குத்தான்.

2

சம்பந்தியின் பெயர் ரஸாலி. மலாய்க்காரர். நெகிரி செம்பிலான் மாநில எல்லையை ஒட்டிய லூபோக் சீனாவில் சொந்த வீடு. நாற்பது வருடம் லாரி ஓட்டியவர். சத்தமாகச் சிரிப்பார். யார் வீட்டுக்குப் போனாலும் நேராக அடுப்படிக்குப் போய் மூடியைத் திறந்து பார்ப்பார். கெட்டவர் என்று சொல்ல ஒரு காரணமும் கிடைக்காத மனிதர். அதுதான் எனக்குப் பெரிய தொந்தரவு.

அவர் வீட்டுக் கொல்லையில் ஒரு பழைய இரும்பு ட்ரம் நிற்கிறது. வாரம் ஒருமுறை அதில் மாட்டிறைச்சியைப் புகை போடுவார். சாலாய் என்பார்கள். பாளம் பாளமாக வெட்டிய கறியைக் கம்பி வலையில் பரப்பி, அடியில் தேங்காய் மட்டையை மூட்டி, காலையில் போட்டால் மதியத்துக்கு மேல்தான் எடுப்பார். பிறகு அதைச் சன்னமாக அரிந்து, மஞ்சளும் காந்தாரி மிளகாயும் இடித்துப் போட்டு, தேங்காய்ப் பாலில் கொதிக்கவைப்பார். கல்யாணமான புதிதில் அந்த வீட்டில் முதன்முறையாக அதைச் சாப்பிட்டபோது, மூன்று தடவை சோறு வாங்கினேன். வாங்கும்போதே எரிச்சலாக இருந்தது.

இதில் என்னை உறுத்திய சங்கதி இன்னொன்று. இங்கே கடையில் இரண்டு வகைக் கறி கிடைக்கும். உள்ளூர் மாட்டுக்கறி விலை அதிகம். மற்றது, உறைபெட்டியில் செங்கல் மாதிரி அடுக்கியிருக்கும் எருமைக்கறி, நம் இந்தியாவிலிருந்து கப்பலில் வருவது. டாகிங் இந்தியா என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். ரஸாலி வாங்குவது அந்த மலிவான கறியைத்தான். அதிலும் யாரும் சீந்தாத நெஞ்சுக்கறி. எங்கள் நாட்டு எருமையை வைத்தே என் மகளை வளைத்துவிட்டாரே என்று நினைத்தால் எனக்கு எப்படி இருக்கும்?

ஒவ்வொரு தடவை போனில் பேசும்போதும் அந்தப் பேச்சு வந்துவிடும்.

"சாப்பிட்டியாம்மா?"

"சாப்ட்டேன் அத்தா. அபா சாலாய் போட்டாரு. அடடா, என்னா வாசம் தெரியுமா?"

"மருந்து?"

"அபாவே டைம் பாத்து எடுத்துக் குடுத்துடுறாரு."

போனை வைத்துவிட்டு நான் கடையில் சட்டைத் துணியை வெட்டிக்கொண்டிருப்பேன். ஜவுளிக்கடைதான் என் வேலை. அப்படி ஒருநாள் இரண்டரை மீட்டர் கேட்டவருக்கு ஒன்றரை மீட்டர் வெட்டிவிட்டேன்.

3

எனக்கு இந்தக் குணம் புதிதல்ல. எங்கள் ஊர் இளையான்குடியில், அம்மா சோறு போடும்போது அண்ணன் தட்டில் எத்தனை கறித்துண்டு விழுகிறது என்று எண்ணுகிற பிள்ளை நான். ஹஜ்ஜுப் பெருநாள் முடிந்தால் எங்கள் வீட்டில் உப்புக்கண்டம் போடுவார்கள். கறியை விரல் நீளத்துக்கு அரிந்து, கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறி, நூலில் கோத்து மொட்டைமாடி வெயிலில் கட்டித் தொங்கவிடுவார்கள். காக்காய் விரட்டுவது என் வேலை. காய்ந்தபிறகு முதல் துண்டு அண்ணனுக்குப் போகும். அந்த முதல் துண்டு இன்னும் என் தொண்டையில் நிற்கிறது.

பிங்க் புத்தகத்தைப் பார்த்த மறுநாள் என் அக்கா ஊரிலிருந்து கூப்பிட்டார். நானும் வாயை வைத்துக்கொண்டு சும்மா இல்லாமல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன்.

"தலைப்பிரசவம் சம்பந்தி வீட்டுலயாடா? நம்ம குடும்பத்துல எவளாச்சும் அப்படிப் போயிருக்காளா? ஊருக்குள்ள தெரிஞ்சா என்ன பேசுவாங்க?"

"மும்தாஜ் இருந்தா இப்படி ஆகியிருக்காதுக்கா."

"மும்தாஜ் இல்லேன்னா என்ன, நீ இருக்கேல்ல? பிள்ளை வாய்க்கு ருசியா எதாவது ஆக்கிப் போட்டு இழுத்துட்டு வா. மசக்கைக்காரிய வேற எப்படிக் கூப்பிடுறது?"

மும்தாஜ் என் மனைவி. மலாக்காவிலேயே பிறந்தவர். அவர் இறந்து மூன்று வருடம் ஆகிறது. அதன்பிறகு நான் வீட்டில் சமைப்பதில்லை. காலையில் கடைக்கு எதிரே ரொட்டி சானாய் என்கிற பரோட்டா, மதியம் பொட்டலச் சோறு. நஸீமா வரும் நாட்களில் கடலோரம் உம்பாய்க்கு அழைத்துப்போய்ச் சுட்ட மீன் வாங்கிக்கொடுப்பேன். கட்டிக்கொடுத்த பிள்ளை அத்தா வீட்டுக்கு வந்து அடுப்படியில் நிற்க வேண்டாம் என்பது என் எண்ணம். நல்ல தகப்பன் என்று என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

அக்கா சொன்னது மண்டைக்குள் புகுந்துகொண்டது. ரஸாலி புகை போட்டால் நானும் புகை போடுவேன். அதே எருமை, அதே நெஞ்சுக்கறி. அடுத்த ஞாயிற்றுக்கிழமை சம்பந்தி குடும்பம் முழுவதையும் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டேன். மருமகனுக்கு மட்டும் தொழிற்சாலையில் ஷிப்ட் இருந்ததால் வர முடியவில்லை.

4

சனிக்கிழமை ஒரு பழைய இரும்பு ட்ரம்மும் உறைபெட்டிக்கறி ஐந்து கிலோவும் வாங்கினேன். நன்றாக உருகவிட்டு, துணி வெட்டுகிற கையாயிற்றே, ஒரே அளவாக அரிந்தேன். கல்லுப்பும் மஞ்சளும் போட்டுப் பிசறும்போது கை தானாகவே அம்மாவின் அளவுக்குப் போனது. பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு மனப்பாடம் ஆகியிருக்கிறது என்று பெருமையாக இருந்தது. நூலில் கோத்து மாலையாக்கி மூடி வைத்தேன்.

பக்கத்து வீட்டில் சரோஜா அக்கா இருக்கிறார். எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்து, அது மூடியபிறகு டவுனுக்கு வந்த குடும்பம். அவர் வீட்டில் மாட்டிறைச்சி படாது. வேலிக்கு இந்தப் பக்கம் நான் புகை போட்டால் அந்தப் பக்கம் காயும் சேலைக்கெல்லாம் வாசம் ஏறும். கேட்காமல் செய்வது முறையில்லை என்று ஞாயிறு காலையிலேயே போய் நின்றேன்.

"அக்கா, மகளுக்குச் சாப்பாடு. கொஞ்சம் கறியைப் புகை போடப்போறேன். உங்களுக்குச் சங்கடம்னா வேற இடம் பாக்குறேன்."

"முன்னாடியே சொன்னீங்களே, அது போதும் பாய். துணிய உள்ள எடுத்துப் போட்டுர்றேன். உண்டான புள்ளைக்குத்தானே? போடுங்கலா."

தேங்காய்ப்பால் பிழிகிற கடையிலிருந்து மட்டை வாங்கி வைத்திருந்தேன். அது ஈரம். பற்றவைத்தால் ஒன்று அணைகிறது, இல்லையென்றால் குப்பென்று எரிகிறது. அரை மணி நேரத்தில் என் கண்ணிரண்டும் மிளகாய்ப் பழம் ஆகிவிட்டன. வேலிக்கு அப்பால் சரோஜா அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டே நின்றார். கறி கண்ணில் படக்கூடாது, ஆனால் புகையைப் பார்த்துவிட்டு அவரால் சும்மா இருக்கவும் முடியவில்லை.

"என்னா பாய் இப்படிப் போடுறீங்க? தீ எரியவே கூடாது. பொகை மட்டும்தான் வரணும்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"பத்து வருசம் ரப்பர் ஷீட்டு காயிற ஸ்மோக் ஹவுஸ்ல நின்னவ நானு. ஷீட்டு கருகிச்சின்னா மண்டோரு, அதான் கங்காணி, கத்துற கத்துல காது போயிரும். மட்டையத் தூக்கி எறிங்க. டுரியான் துங்கால் போற ரோட்டுல ரப்பர் மரம் வெட்டிப் போட்டிருக்கானுங்க, கேட்டா குடுப்பானுங்க. காஞ்ச கட்டையா பாத்து எடுங்க."

காரை எடுத்துக்கொண்டு போய்க் கேட்டேன். டிக்கி நிறைய அள்ளிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். திரும்பி வந்ததும் அக்கா வேலிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உத்தரவு போட, நான் ட்ரம்முக்குள் கட்டையை இரண்டு செங்கல்லுக்கு நடுவே வைத்து, கனல் வந்ததும் சாம்பலைத் தூவி அடக்கினேன். கறி மாலையை மேலே தொங்கவிட்டு, மூடியை ஒரு விரல் அளவு திறந்து வைத்தேன். வெள்ளைப் புகை மெல்ல எழுந்து, கறி மாலையைச் சுற்றிக்கொண்டு வெளியே வந்தது. உச்சி வெயிலுக்குள் கறி செம்பழுப்பாக மாறி, கொழுப்பு சொட்டுச் சொட்டாக இறங்கி, அதன் வாசம் வாசல் கேட்டைத் தாண்டித் தெருவுக்குப் போனது. நல்ல வாசம் என்று நானே சொல்லக்கூடாதுதான், ஆனால் சொல்கிறேன். ரஸாலியின் ட்ரம்மிலிருந்து ஒருநாளும் அப்படி ஒரு வாசம் வந்ததில்லை.

5

வந்துவிட்டார்கள். ரஸாலி காரிலிருந்து இறங்கியதுமே மூக்கை உறிஞ்சினார். நேராக ட்ரம்முக்குப் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தார். அவருடைய மனைவி கால்சோம் சிரித்தபடி நஸீமாவின் கையைப் பிடித்துக் காரிலிருந்து இறக்கிவிட்டார். எனக்கும் ரஸாலிக்கும் பேச்சு மலாயில்தான். என்னுடையது கடை மலாய்.

"என்ன கட்டை போட்டீர்கள்?" என்று கேட்டார்.

"தெரியாது. கிடைத்ததைப் போட்டேன்" என்றேன். கூசாமல் சொன்ன பொய்.

நஸீமா கேட்டருகே நின்றவள் அங்கேயே நின்றாள். அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே வந்து உட்கார்ந்தாள். நான் ட்ரம்மிலிருந்து ஒரு துண்டை எடுத்து, வெள்ளைச் சோற்றின் மேல் வைத்து, முதல் துண்டாக அவளிடம்தான் நீட்டினேன். ஒரு கடி கடித்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். ரஸாலி தன் துண்டை வாயில் போட்டவர், அடுத்த நொடி எட்டி அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"உப்பு! இவளுக்கு உப்பு ஆகாது. பிரஷர் ஏறியிருக்கிறது, கால் வீங்கியிருக்கிறது, நர்ஸ் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள். உங்களுக்குத் தெரியாதா?"

எனக்குத் தெரியாது. ஒரு துண்டைக் கிள்ளி நாக்கில் வைத்தேன். கடல் தண்ணீர். உப்புக்கண்டம் மாதக்கணக்கில் கெடாமல் இருப்பதற்கான உப்பை, அன்றைக்கே தின்கிற கறிக்குப் போட்டிருக்கிறேன். ஆனால் என்னைச் சுட்டது உப்பு இல்லை. என் மகளின் கால் வீங்கியிருப்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருக்கிறது. பிங்க் புத்தகத்தில் முத்திரையையும் முகவரியையும் பார்த்த நான் அதற்குக் கீழே இருந்த எண்ணைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அடியில் பார்த்தேன். செருப்பைக் கழற்றிய பாதத்தில் வார் பதிந்த கோடு குழியாகத் தெரிந்தது.

"என்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டபோது என் குரல் உயர்ந்துவிட்டது. "ஊர்ல இருக்கவங்களுக்கெல்லாம் தெரியுது. நான் யாரு? வாடகைக்கு இருக்கவனா?"

"சொன்னா நீங்க தனியா உக்காந்து கவலப்படுவீங்க அத்தா. வீட்ல பேசக்கூட ஆள் இல்ல."

"அதுக்காக அங்க போயிட்டியா? அவரோட கறிக்காகப் போனேன்னு நெனச்சேன்."

சொன்னபிறகுதான் எவ்வளவு அற்பமாகக் கேட்டிருக்கிறேன் என்று உறைத்தது. நஸீமா சிரிக்கவில்லை.

"கறிக்காக இல்ல அத்தா. அம்மா போன பொறவு இந்த வீட்ல அடுப்பே எரியல. நான் வந்தா உடனே வெளிய கூட்டிட்டுப் போயிருவீங்க. கேட்டத் தொறந்தா ஒரு வாசமும் இருக்காது. ஆஸ்பத்திரி கிட்டத்துல இருக்கு, அத்தா வீட்டுக்கே போன்னு டாக்டரும் சொன்னாரு. எனக்குத்தான் பயமா இருந்துச்சு. பச்சப் புள்ளையத் தூக்கிட்டு இந்த மாதிரி வீட்டுக்குள்ள எப்படி வர்றது? இன்னிக்கு இறங்கும்போது கேட்டு வரைக்கும் வாசம் வந்துச்சு. அம்மா இருக்காங்கன்னு ஒரு நிமிசம் நெனச்சிட்டேன்."

தமிழ் புரியாவிட்டாலும் என் முகத்தைப் பார்த்து ரஸாலி எழுந்தார். கறி முழுவதையும் வாரிக்கொண்டு என் அடுப்படிக்குப் போனார். என் அடுப்படியில் அவர்! இந்த நிலையிலும் எனக்கு அந்தப் பொறாமை வந்தது. பின்னாலேயே போனேன். அவர் கறியைச் சன்னமாக அரிய, நான் வெந்நீர் வைத்தேன். மூன்று தண்ணீரில் போட்டு உப்பை இறக்கினோம். தேங்காய்ப்பாலும் உருளைக்கிழங்கும் சேர்த்து, ஒரு கல் உப்புப் போடாமல் கொதிக்கவிட்டோம். கரண்டியில் எடுத்து ருசி பார்த்தவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"புகை என்னுடையதைவிட நன்றாக ஏறியிருக்கிறது. உண்மையாகச் சொல்லுங்கள், என்ன கட்டை?"

"தெரியாது" என்றேன் மறுபடியும்.

நஸீமாவுக்கு நர்ஸ் அனுமதித்த அளவுக்கு இரண்டே துண்டும் கொஞ்சம் சாறும். சாப்பிட்டு முடித்தவள் கைப்பையைத் திறந்து பிங்க் புத்தகத்தை எடுத்து, மும்தாஜ் சாவி வைக்கும் இடத்தில், குளிர்பெட்டியின் மேல் வைத்தாள்.

"இது இங்கயே இருக்கட்டும் அத்தா. நாளைக்கு நம்ம கிளினிக்ல மாத்தணும்."

பிறகு மாமியாரிடம் மலாயில், "மாக், பிள்ளை பிறந்த பிறகு நாற்பது நாளும் நீங்கள் இங்கேயே தங்குவீர்கள்தானே?" என்றாள். அதெல்லாம் கேட்க வேண்டுமா என்று கால்சோம் அவள் தலையைத் தடவினார். நான் ஜெயித்துவிட்டேன். எனக்கு எழுந்து தெருவில் ஒரு சுற்று ஓடி வரவேண்டும்போல் இருந்தது.

அப்போதுதான் ரஸாலியைப் பார்த்தேன். சிரிக்கிறவர் சிரிக்கவில்லை. தட்டில் மிச்சமிருந்த சோற்றை ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டிருந்தார். மனைவி இங்கே, மருமகள் இங்கே, பிறக்கப்போகிற பிள்ளையும் இங்கே. மகனோ ஷிப்ட் முடிந்தால் பெண்டாட்டி இருக்கும் வீட்டுக்குத்தான் ஓடிவருவான். லூபோக் சீனாவில் அவருக்காக யார் அடுப்பை மூட்டுவார்கள்? நல்லது, நல்லது, ஆஸ்பத்திரி பக்கம்தானே என்று பொதுவாகச் சொன்னார். அந்த முகம் எனக்குப் பழக்கம். பல மாதமாக நான் ஷேவ் செய்யும்போதெல்லாம் கண்ணாடியில் பார்த்த முகம்.

"ரப்பர் கட்டை" என்றேன்.

"என்ன?"

"புகை போட்டது ரப்பர் கட்டையில். டிக்கியில் இன்னும் கொஞ்சம் கிடக்கிறது. நீங்களும் வந்துவிடுங்கள். மாடியில் அறை காலியாகத்தான் இருக்கிறது."

அவர் நிமிர்வதற்குள் நஸீமா கைதட்டினாள். "அபாவும் வர்றாரா? அப்ப தினமும் சாலாய்!" என்றாள். கூப்பிட்ட நாக்கை அப்போதே கடித்துக்கொண்டேன்.

6

ஊரில் கேட்கிறவர்களுக்கு: தலைப்பிரசவம் எங்கள் வீட்டில்தான். அக்கா தைரியமாகத் தெருவில் சொல்லிக்கொள்ளலாம். பிங்க் புத்தகத்தில் என் முகவரி மறுபடியும் ஏறிவிட்டது. அடித்தல் திருத்தல் அதிகமாக இருக்கிறதே என்று கவுன்டரில் இருந்த பெண் முகம் சுளித்தாள். இருக்கட்டும் என்றேன். நஸீமாவின் பிரஷர் இறங்கியிருக்கிறது. இப்போது அந்த எண்ணை நான்தான் முதலில் பார்க்கிறேன்.

எங்கள் வீட்டு உப்பு டப்பாவைச் சரோஜா அக்கா வாங்கி அவர் வீட்டில் வைத்துக்கொண்டார். தேவைப்பட்டால் வேலியோரம் போய்க் கேட்கவேண்டும். எதற்கு, எவ்வளவு என்று விசாரித்துவிட்டுத்தான் தருகிறார்.

நேற்று முன்தினம் ரஸாலி வந்து இறங்கினார். மாற்றுத்துணி ஒரு சின்னப் பையில் இருந்தது. கூடவே, தெரிந்தவரின் லாரியில் ஏற்றிக்கொண்டு, தன் சொந்த ட்ரம்மையும் கொண்டுவந்திருக்கிறார். அதை என் ட்ரம்முக்குப் பக்கத்திலேயே நிறுத்தி, என் ரப்பர் கட்டையிலேயே பற்றவைத்திருக்கிறார். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது இரண்டிலிருந்தும் புகை எழுகிறது. யாருடையது நஸீமாவின் ஜன்னலுக்கு முதலில் போகிறது என்றுதான் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.